வானிலிருந்து குதித்த வங்க வீரர்

பத்தாம் வகுப்பு மாணவி

வீரம் என்ற சொல்லைக் கேட்டதும் நம் மனக்கண்முன் போர்க்களமே தோன்றும். கரிசல் பூமியில் பிறந்த நமக்கோ கேட்கவே வேண்டாம். பாஞ்சாலங்குறிச்சியும், கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்ட கயத்தாறும் நமக்குப் பக்கத்து ஊர்கள். வில்லுப்பாட்டிலும் கதைப்பாடலிலும் அந்த வீரத்தைக் கேட்டே வளர்ந்தோம். ஆனால் வாளும் வேலும் ஏந்தாமல், காற்றையும் உயரத்தையும் மட்டுமே எதிர்த்து நின்ற வீரர்களும் உலகில் உண்டு. அவர்களுள் நம் நாட்டின் முன்னோடி இராமச்சந்திர சட்டர்ஜி. பலூனில் தனியே வானில் ஏறிய முதல் இந்தியர் அவர். வான்குடை பிடித்து வானிலிருந்து குதித்த முதல் இந்தியரும் அவரே. ஒரு காலத்தில் கல்கத்தா நகரமே திரண்டு வந்து பார்த்த அந்தப் பெருமகனின் வரலாற்றையும், அத்தகைய துணிச்சலால் அறிவியலுக்கு விளைந்த நன்மையையும் இக்கட்டுரையில் காண்போம்.

சர்க்கஸ் கூடாரத்தில் ஒரு வீரர்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி அது. இந்தியாவை ஆண்ட ஆங்கிலேயருக்குக் கல்கத்தாவே தலைநகரம். வங்காளிகள் படிப்பில் கெட்டிக்காரர்கள். ஆனால் உடல் வலிமையோ நெஞ்சுரமோ இல்லாதவர்கள் என்று ஆங்கிலேயர் பலர் ஏளனமாகப் பேசி வந்தனர். அந்த ஏளனம் வங்காள இளைஞர்களின் நெஞ்சில் முள்ளாய்த் தைத்தது. நவகோபால் மித்ரர் என்ற தேசபக்தர் 1867-ஆம் ஆண்டில் இந்து மேளா என்னும் விழாவைத் தொடங்கினார். உடற்பயிற்சிக் கூடங்கள் தோன்றின. இளைஞர்கள் மல்யுத்தமும் கம்பி விளையாட்டும் பழகினர். நவகோபால் மித்ரர் ஒரு சர்க்கஸ் குழுவையும் ஏற்படுத்தினார். அதற்குத் தேசிய சர்க்கஸ் என்று பெயர்.

அந்தச் சூழலில் உருவானவர்தாம் இராமச்சந்திர சட்டர்ஜி. இவர் சிறந்த உடற்பயிற்சி வீரர். சர்க்கஸில் அந்தரத்தில் தொங்கும் ஊஞ்சலில் வித்தைகள் செய்து புகழ் பெற்றார். ஊஞ்சலை விட்டு மறு ஊஞ்சலைப் பிடிக்கும் அந்த ஒரு நொடியில் கையும் கண்ணும் மனமும் ஒன்றாக இயங்க வேண்டும். சற்றே பிசகினாலும் உயிருக்கு ஆபத்து. கூடாரத்தின் உச்சியில் கற்ற அந்த நிதானமே பின்னாளில் மேகங்களுக்கு நடுவே அவருக்குக் கைகொடுத்தது.

வான்குடை பிறந்த கதை

சட்டர்ஜியின் சாதனையை விளங்கிக்கொள்ள, வான்குடையின் வரலாற்றைச் சிறிது அறிய வேண்டும். நம் ஊர்க் காட்டில் எருக்கஞ்செடி காய் வெடித்ததும், பட்டுப் போன்ற பஞ்சைத் தாங்கிய விதைகள் காற்றில் மிதந்து வரும். தாத்தாப் பூச்சி என்று சொல்லிச் சிறு பிள்ளைகள் அவற்றைத் துரத்திப் பிடிப்பார்கள். அந்த விதை ஏன் கல்லைப் போல விழவில்லை? விரிந்த பஞ்சு காற்றைத் தடுக்கிறது. காற்றும் அதைத் தாங்குகிறது. இறைவன் ஒரு களைச்செடிக்குக் கற்றுக்கொடுத்த அந்த வித்தையை மனிதன் கற்றுக்கொள்ளப் பல நூற்றாண்டுகள் ஆயின.

1797-ஆம் ஆண்டு அக்டோபர் 22-ஆம் நாள் பாரிஸ் நகரில் கார்னரின் என்ற பிரெஞ்சுக்காரர் பலூனில் மேலே சென்று வான்குடையுடன் இறங்கினார். கீழே இறங்கும்போது வான்குடை கடிகாரத்தின் ஊசலைப் போல இப்படியும் அப்படியும் பயங்கரமாக ஆடியது. குடைக்குள் அடைபட்ட காற்று வெளியேற வழியில்லாமல் ஒரு பக்கமாகப் பிதுங்கி வழிந்ததே காரணம். உச்சியில் ஒரு துளை இட்டால் ஆட்டம் குறையும் என்று லலாந்த் என்ற வானியல் அறிஞர் யோசனை கூறினார். இன்றும் வட்ட வடிவ வான்குடைகளின் உச்சியில் அந்தத் துளையைக் காணலாம். ஒருவர் துணிந்து குதித்தார்; மற்றொருவர் உற்றுநோக்கிக் காரணம் கண்டார். இருவரும் சேர்ந்ததால் அறிவு வளர்ந்தது. இதை நாம் நினைவில் வைத்துக்கொள்வோம்.

தோழியரே, ஓர் அரிய செய்தி! ழான் லப்ரோஸ் என்ற பிரெஞ்சுப் பெண்மணி 1799-ஆம் ஆண்டு அக்டோபர் 12 அன்று வான்குடையில் இறங்கினார். வான்குடையில் இறங்கிய முதல் பெண் அவரே. அதற்கு நான்கே நாட்களுக்குப் பின், அக்டோபர் 16 அன்று, கயத்தாற்றில் கட்டபொம்மன் தூக்குமேடை ஏறினார். உலகின் இரு மூலைகளில், ஒரே வாரத்தில், இருவகை வீரம்!

வான்குடையின் வரலாற்றில் கண்ணீரும் உண்டு. 1837-இல் இலண்டனில் காக்கிங் என்ற முதியவர் தலைகீழான கூம்பு வடிவத்தில் ஒரு வான்குடையைத் தாமே அமைத்தார். அது ஆடாமல் இறங்கும் என்று அவர் நம்பினார். ஆனால் வான்குடையின் சொந்த எடையைக் கணக்கில் சேர்க்கத் தவறிவிட்டார். பலூனிலிருந்து பிரிந்ததும் அது நொறுங்கியது. அவர் உயிரிழந்தார். அவரை மேலே கொண்டு சென்ற பலூனில் எட்வர்டு ஸ்பென்சர் என்பவரும் இருந்தார். துணிவு இருந்தும் கணக்குத் தவறினால் என்ன நேரும் என்பதை அந்தக் குடும்பம் நேரிலேயே கண்டது. அந்த எட்வர்டு ஸ்பென்சரின் பேரனே, பின்னர் நம் சட்டர்ஜிக்குக் குருவாக வந்தார்.

குருவும் சீடரும்

பேரனின் பெயர் பெர்சிவல் ஸ்பென்சர். அவர் காலத்திற்குள் வான்குடையும் மாறிவிட்டது. 1887-இல் அமெரிக்காவில் தாமஸ் பால்டுவின் என்பவர் சட்டமும் கம்பும் இல்லாத, வெறும் துணியால் ஆன வான்குடையுடன் குதித்துக் காட்டினார். அந்த முறையில் தேர்ந்த ஸ்பென்சர் 1889-ஆம் ஆண்டு இந்தியாவுக்கு வந்தார். பம்பாயிலும் கல்கத்தாவிலும் அவர் பலூனில் ஏறியதைக் காண மக்கள் வெள்ளமெனத் திரண்டனர்.

கூட்டத்தில் இருந்தவர்கள் வியந்தார்கள், கை தட்டினார்கள், வீடு திரும்பினார்கள். இராமச்சந்திர சட்டர்ஜி மட்டும் அவ்வாறு திரும்பவில்லை. அந்நியர் ஒருவர் செய்வதை நம்மவர் ஏன் செய்யக்கூடாது என்று எண்ணினார். ஸ்பென்சரை அணுகிக் கட்டணம் செலுத்தி அவரிடம் மாணவராகச் சேர்ந்தார். 1889-ஆம் ஆண்டு ஏப்ரல் 10-ஆம் நாள் குருவுடன் வைஸ்ராய் என்னும் பலூனில் ஏறினார். கல்கத்தாவின் நார்க்கெல்டாங்கா பகுதியிலிருந்த எரிவாயுத் தொழிற்சாலையிலிருந்து அந்தப் பலூன் எழும்பியது.

எரிவாயுத் தொழிற்சாலைக்கும் பலூனுக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். அந்நாளில் தெருவிளக்குகளை எரிக்க நிலக்கரியிலிருந்து வாயு தயாரித்தார்கள். அந்த வாயு காற்றைவிட இலேசானது. ஆயிரம் கன அடி வாயு ஏறத்தாழ 35 முதல் 40 பவுண்டு எடையைத் தூக்கும். ஒரு மனிதரையும் பலூன் துணியையும் கயிறுகளையும் தூக்க எவ்வளவு வாயு வேண்டும் என்று கணக்கிட்டுப் பாருங்கள். வாயு குறைந்தால் பலூன் எழும்பாது. மேலே போகப் போக வெளிக்காற்றின் அழுத்தம் குறையும். உள்ளிருக்கும் வாயு விரியும். அது வெளியேற வழி இல்லையென்றால் பலூன் கிழியும். ஆகவே பலூன் ஓட்டுபவருக்கு நெஞ்சுரம் மட்டும் போதாது. வாயுவின் இயல்பும் காற்றின் போக்கும் தெரிந்திருக்க வேண்டும். நாம் இயற்பியல் நூலில் படிக்கும் பாயிலின் விதியை அவர் வானத்திலேயே படித்தார்.

தனியே வானில்

குருவுடன் சென்று ஒரு மாதம்கூட ஆகவில்லை. 1889-ஆம் ஆண்டு மே 4-ஆம் நாள், சிட்டி ஆஃப் கல்கத்தா என்ற பலூனில் சட்டர்ஜி தனியே ஏறினார். கூடையில் துணைக்கு ஒருவரும் இல்லை. பலூனுக்குச் சுக்கானும் இல்லை. கொண்டு செல்வது காற்று. இறக்குவது வாயுவை வெளியேற்றும் கயிறு. ஏற்றுவது கொட்டிவிடும் மணல் மூட்டை. இந்த மூன்றையும் கொண்டு அவர் கல்கத்தாவின் மாடமாளிகைகளுக்கு மேலே சென்று, நகருக்கு வெளியே பத்திரமாகத் தரையிறங்கினார். அன்று பார்த்தவர்களின் உள்ளம் எப்படிப் பூரித்திருக்கும்! நெஞ்சுரம் இல்லாதவர்கள் என்று ஏளனம் செய்யப்பட்ட மக்களில் ஒருவர், ஏளனம் செய்தவர்களின் தலைக்கு மேலே பறந்து சென்றார். ஒரு சொல்கூடப் பேசாமல் அவர் கொடுத்த விடை அது.

வானிலிருந்து குதித்த நாள்

1890-ஆம் ஆண்டு மார்ச் 22-ஆம் நாள் அவர் வாழ்வின் பொன்னாள். கல்கத்தாவின் டிவோலி தோட்டத்திலிருந்து பலூனில் எழும்பினார். இம்முறை பலூனோடு இறங்குவதற்காக அவர் ஏறவில்லை. வானிலேயே பலூனை விட்டுக் குதித்தார்.

இந்நாளில் வான்குடையை முதுகுப்பையில் மடித்து வைக்கிறார்கள். அந்நாளில் அப்படியில்லை. வான்குடை பலூனின் பக்கவாட்டில் ஒரு மெல்லிய கயிற்றால் கட்டப்பட்டுத் தொங்கும். குதிப்பவரின் எடையால் அந்தக் கயிறு அறுந்துவிடும். அதன்பின் சில வினாடிகள் அவர் கல்லைப் போல விழுவார். பிறகு காற்று புகுந்து குடை விரியும். அந்தச் சில வினாடிகளே வாழ்வுக்கும் சாவுக்கும் இடையிலுள்ள எல்லை. வான்குடை இல்லாமல் விழும் மனிதனின் வேகம் மணிக்கு ஏறத்தாழ 190 கிலோமீட்டரை எட்டும். வான்குடை விரிந்ததும் அது வினாடிக்கு 5 அல்லது 6 மீட்டராகக் குறைந்துவிடும். அது ஓராள் உயரச் சுவரிலிருந்து குதிப்பதற்குச் சமம். அதைக் கால்களை மடக்கித் தாங்கிக்கொள்ள, உடற்பயிற்சி வீரரான சட்டர்ஜிக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. பத்திரமாக மண்ணில் கால் பதித்தார். வான்குடையில் இறங்கிய முதல் இந்தியர் என்னும் பெருமை அன்று அவரைச் சேர்ந்தது.

அதன்பின் அலகாபாத், லாகூர் முதலிய வடநாட்டு நகரங்களிலும் அவர் தம் பலூன் காட்சிகளை நடத்தினார்.

அணைந்த விளக்கு

அந்தப் புகழ் நெடுநாள் நீடிக்கவில்லை. 1892-ஆம் ஆண்டில், பலூன் விபத்தொன்றில் ஏற்பட்ட காயங்களால் சட்டர்ஜி உயிர் துறந்தார். அவர் வானில் பறந்த காலம் மூன்றே ஆண்டுகள்.

அதே 1892-ஆம் ஆண்டு மார்ச் மாதம் டாக்கா நகரிலும் ஒரு சோகம் நிகழ்ந்தது. நவாபின் அழைப்பின்பேரில் வந்திருந்த ஜேனட் வான் டாசல் என்ற இளம்பெண் பலூனிலிருந்து வான்குடையில் குதித்தார். வான்குடை ஒரு மரத்தில் சிக்கிக்கொண்டது. வானில் அவருக்கு ஒரு தீங்கும் நேரவில்லை. மரத்திலிருந்து இறக்க முயன்றபோதுதான் கீழே விழுந்து மாண்டார். டாக்காவின் கிறிஸ்தவக் கல்லறைத் தோட்டத்தில் அவர் துயில்கிறார்.

இது வீரமா, விளையாட்டா?

இங்கே ஒரு கேள்வி எழுகிறது. உயிரைப் பணயம் வைத்து இப்படிக் குதிப்பது சரிதானா? கடவுள் தந்த உயிரைக் கைதட்டலுக்காக ஆபத்தில் தள்ளலாமா?

நம் மறைக்கல்வி வகுப்பில் கேட்ட ஒரு நிகழ்ச்சி நினைவுக்கு வருகிறது. அலகை இயேசுவை எருசலேம் ஆலயத்தின் உச்சியில் நிறுத்தி, அங்கிருந்து கீழே குதிக்குமாறு தூண்டியது. வானதூதர்கள் தாங்கிக்கொள்வார்கள் என்றும் ஆசை காட்டியது. ஆனால் இயேசு குதிக்கவில்லை. இறைவனைச் சோதித்துப் பார்ப்பது தகாது என்று மறுத்துவிட்டார். தம்மைப் பிறர் வியக்க வேண்டும் என்பதற்காக உயிரோடு விளையாடுவது வீரம் அன்று என்பதை நமக்கு இது கற்பிக்கிறது. ஓடும் இரயிலின் முன் நின்று செல்பேசியில் படம் எடுப்பவர்களும், பாழுங்கிணற்றில் பந்தயம் கட்டிக் குதிப்பவர்களும் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

அப்படியானால் சட்டர்ஜி எந்தப் பக்கம்? அவர் கட்டணம் பெற்றுக் காட்சி நடத்தியவர்தான். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு குதித்தவர் அல்லர். குருவிடம் முறையாகக் கற்றார். முதலில் துணையோடு ஏறினார். பிறகு தனியே ஏறினார். ஏறக்குறைய ஓராண்டு கழித்தே குதித்தார். இந்தப் படிப்படியான ஆயத்தமே துணிவை மூடத்துணிவிலிருந்து பிரித்துக் காட்டுகிறது.

ஆயினும் ஒரு குறை உண்டு. அவருடைய பலூனில் வெப்பமானியும் அழுத்தமானியும் ஏந்திய அறிஞர் ஒருவரும் உடன் செல்லவில்லை. அவர் தம் உடலால் கற்றதெல்லாம் அவரோடு மறைந்தது. துணிச்சல் அறிவியலாக மாற வேண்டுமானால் அதற்கு ஒரு குறிப்பேடு வேண்டும். இதை மெய்ப்பிக்க மூவரின் கதையைச் சொல்கிறேன்.

குறிப்பேடு ஏந்திய வீரர்கள்

முதலாமவர் ஆங்கிலேய வானிலை அறிஞர் ஜேம்ஸ் கிளெய்ஷர். 1862-ஆம் ஆண்டு செப்டம்பர் 5-ஆம் நாள் காக்ஸ்வெல் என்பவருடன் பலூனில் ஏறினார். 29,000 அடிக்கு மேலே, பிராணவாயு போதாமல் முதலில் கைகள் மரத்தன. பிறகு பார்வை மங்கியது. பிறகு நினைவு தப்பியது. காக்ஸ்வெல்லின் கைகளும் குளிரில் விறைத்துவிட்டன. வாயுவை வெளியேற்றும் கயிற்றை அவர் பற்களால் கவ்வி இழுத்தார். பலூன் இறங்கியது. கண் விழித்த கிளெய்ஷர் முதலில் செய்த காரியம் என்ன தெரியுமா? பென்சிலை எடுத்து, விட்ட இடத்திலிருந்து அளவுகளைக் குறிக்கத் தொடங்கினார்! எந்த உயரத்தில் மனித உடல் எப்படித் தளர்கிறது என்பதை உலகம் அக்குறிப்புகளிலிருந்து கற்றது. 1875-இல் செனித் என்ற பலூனில் சென்ற மூன்று பிரெஞ்சுக்காரர்களிடம் பிராணவாயுப் பைகளே இருந்தன. ஆனால் தேவைப்பட்ட நேரத்தில் கை தூக்க முடியாமல் இருவர் மாண்டனர். மயக்கம் வந்தபின் பிராணவாயுவைத் தேடுவது பயனற்றது. அது முன்னதாகவே முகத்தில் பொருத்தப்பட வேண்டும் என்ற பாடம் அவர்கள் உயிரை விலையாகக் கொண்டு பெறப்பட்டது.

இரண்டாமவர் ஆஸ்திரியாவின் விக்டர் ஹெஸ். இவர் கத்தோலிக்கர். 1912-ஆம் ஆண்டு ஆகஸ்டு 7-ஆம் நாள் பலூனில் ஏறத்தாழ 5,300 மீட்டர் உயரம் சென்றார். நம் பொதிகை மலையைப் போல் ஏறக்குறைய மூன்று மடங்கு உயரம் அது. கதிர்வீச்சை அளக்கும் கருவிகள் அவரிடம் இருந்தன. பூமியிலிருந்தே கதிர்கள் வருகின்றன என்றால் மேலே போகப் போக அவை குறைய வேண்டும். ஆனால் அந்த உயரத்தில் அவை பல மடங்கு கூடியிருந்தன. அப்படியென்றால் கதிர்கள் விண்வெளியிலிருந்து வருகின்றன! அண்டக் கதிர்கள் இவ்வாறே கண்டுபிடிக்கப்பட்டன. அதற்காக 1936-இல் அவர் நோபல் பரிசு பெற்றார். பிற்காலத்தில் அமெரிக்காவில் இயேசு சபையார் நடத்தும் ஃபோர்டாம் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக விளங்கினார்.

மூன்றாமவர் அமெரிக்க விமானப்படையின் ஜோசப் கிட்டிங்கர். மிக உயரத்தில் விமானம் பழுதானால் விமானி வெளியே குதித்துப் பிழைக்க முடியுமா என்பதே அவருக்குக் கொடுக்கப்பட்ட வினா. 1959-ஆம் ஆண்டு முதல் முயற்சியில் சிறு வான்குடை கழுத்தில் சுற்றிக்கொண்டது. உடல் பம்பரம்போலச் சுழன்று அவர் நினைவிழந்தார். தானாக விரிந்த மாற்று வான்குடையால் பிழைத்தார். காரணத்தைக் கண்டறிந்து திருத்தியபின், 1960-ஆம் ஆண்டு ஆகஸ்டு 16 அன்று 31 கிலோமீட்டர் உயரத்திலிருந்து குதித்தார். அங்கே காற்றின் அடர்த்தி தரையில் உள்ளதில் நூற்றில் இரண்டு பங்குகூட இல்லை. முதலில் விரியும் ஒரு சிறு வான்குடை, சுழலாமல் உடலைக் காக்கும் என்பது உறுதியாயிற்று. 2012-ஆம் ஆண்டு அக்டோபர் 14 அன்று ஃபெலிக்ஸ் பாம்கார்ட்னர் 39 கிலோமீட்டர் உயரத்திலிருந்து குதித்து ஒலியின் வேகத்தையும் கடந்தார். தகுந்த உடை அணிந்த மனித உடல் அந்த வேகத்தையும் தாங்கும் என்று கருவிகள் பதிவு செய்தன.

அதே நகரில் மற்றொருவர்

சட்டர்ஜி வானில் பறந்த அதே கல்கத்தாவில், அதே ஆண்டுகளில், குறிப்பேட்டையே ஆயுதமாகக் கொண்ட ஒருவர் வாழ்ந்தார். அவர் இயேசு சபைக் குருவான அருட்தந்தை லஃபோன். தூய சவேரியார் கல்லூரியில் இயற்பியல் கற்பித்தார். கல்லூரியிலேயே வானிலை அளவுகளை நாள்தோறும் குறித்து வந்தார். 1867-ஆம் ஆண்டில் காற்றழுத்தமானி இறங்குவதைக் கண்டு, புயல் வருவதை முன்கூட்டியே எச்சரித்துப் பல உயிர்களைக் காத்தார். ஜகதீச சந்திர போஸ் அவருடைய மாணவர். மகேந்திரலால் சர்க்கார் 1876-இல் அறிவியல் வளர்ச்சிக் கழகத்தைத் தோற்றுவித்தபோது உறுதுணையாய் நின்றவரும் அவரே. நம் சர் சி. வி. இராமன் ஆராய்ச்சி செய்தது அந்தக் கழகத்தில்தான்.

ஒருபுறம் சட்டர்ஜியின் துணிவு. மறுபுறம் தந்தை லஃபோனின் குறிப்பேடு. ஒரே நகரில் இருந்த இவ்விரண்டும் ஒரே கூடையில் ஏறியிருந்தால், மேல்வானைப் பற்றிய முதல் இந்திய அளவுகள் 1889-லேயே கிடைத்திருக்கும் அல்லவா?

கரிசல் மண்ணும் மேல்வானமும்

கோவில்பட்டியில் இருக்கும் நமக்கு மேல்வானத்தால் என்ன பயன் என்று யாரேனும் கேட்கலாம். நம் ஊர் வேளாண்மை மானாவாரி. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். ஆனால் அந்தக் காற்று நமக்கு மழை கொண்டு வருவதில்லை. ஐப்பசி மழை பொய்த்தால் பருத்தியும் இல்லை, உளுந்தும் இல்லை, கம்பும் சோளமும் இல்லை. அந்த மழையை முன்கூட்டி அறிய மேலே காற்று எப்படி வீசுகிறது, எவ்வளவு ஈரம் உள்ளது என்று தெரிய வேண்டும். அதற்காகச் சென்னை, காரைக்கால், திருவனந்தபுரம் போன்ற நிலையங்களிலிருந்து கருவி கட்டிய பலூன்களை வானில் விடுகிறார்கள். மேலே சென்று பலூன் வெடித்ததும், கருவி சிறு வான்குடையில் இறங்குகிறது. சட்டர்ஜி செய்ததை இன்று ஆளில்லாக் கருவி செய்கிறது. அளவுகளை வானொலி அலைகளால் உடனுக்குடன் சொல்லியும் விடுகிறது. பாலக்காட்டுக் கல்பாத்தியில் பிறந்த தமிழரான கே. ஆர். இராமநாதன், இத்தகைய பலூன்கள் தந்த அளவுகளைக் கொண்டே, வெப்ப நாடுகளின் மேல்வானம் துருவ நாடுகளின் மேல்வானத்தைவிடக் குளிர்ந்தது என்பதை 1929-இல் உலகுக்கு எடுத்துரைத்தார்.

விண்வெளியும் நமக்குத் தொலைவில் இல்லை. நம் தூத்துக்குடி மாவட்டத்தின் குலசேகரன்பட்டினத்தில் ராக்கெட் ஏவுதளத்திற்கு 2024-ஆம் ஆண்டு பிப்ரவரி 28 அன்று அடிக்கல் நாட்டப்பட்டது. நெல்லை மாவட்டத்தின் மகேந்திரகிரியில் ராக்கெட் எஞ்சின்களைச் சோதிக்கிறார்கள். இந்தியர்களை விண்ணுக்கு அனுப்பும் ககன்யான் திட்டத்தில், விண்கூடு பூமிக்குத் திரும்பும்போது பத்து வான்குடைகள் ஒன்றன்பின் ஒன்றாக விரிந்து அதைக் கடலில் இறக்கும். முதலில் சிறியவை விரிந்து ஆட்டத்தை அடக்கும். பிறகு பெரியவை விரிந்து வேகத்தைக் குறைக்கும். 2025-ஆம் ஆண்டு ஆகஸ்டு 24 அன்று மாதிரி விண்கூடு ஒன்றை ஹெலிகாப்டரிலிருந்து விடுத்து இதைச் சோதித்துப் பார்த்தார்கள். கார்னரின் ஆடிய ஆட்டமும், காக்கிங்கின் மரணமும், கிட்டிங்கரின் சுழற்சியும் கற்றுத்தந்த பாடங்கள் அந்தத் துணி மடிப்புகளுக்குள் இருக்கின்றன.

முடிவுரை

இராமச்சந்திர சட்டர்ஜி பட்டம் பெற்ற விஞ்ஞானி அல்லர். சர்க்கஸ் ஊஞ்சலில் ஆடியவர். ஆனால் இந்தியராலும் வானில் ஏற முடியும், வானிலிருந்து இறங்கவும் முடியும் என்பதை அவர் ஒருவரே முதலில் மெய்ப்பித்தார். 1959-ஆம் ஆண்டு இந்திய விமானப்படையின் பெண் மருத்துவர் ஒருவர் ஆக்ராவில் வான்குடையில் குதித்து, அப்பெருமையை நம் பெண்குலத்திற்கும் தேடித் தந்தார். நாளை விண்கூட்டிலிருந்து வெளிவரும் இந்தியர்களுள் நம்மைப் போன்ற கிராமத்துப் பள்ளியில் படித்த பெண் ஒருத்தியும் இருக்கலாம்.

அன்புத் தோழியரே! துணிவு கொள்வோம்; ஆனால் வீம்புக்காகத் துணியாதிருப்போம். கணக்கைச் சரிபார்த்த பின் துணிவோம். கண்டதை உடனே எழுதி வைப்போம். ஆய்வுக்கூடத்தில் வெப்பமானியைப் பார்த்து நாம் எழுதும் ஒவ்வோர் எண்ணும், கிளெய்ஷர் நடுங்கும் விரல்களால் எழுதிய எண்களின் தொடர்ச்சியே. ஆய்வுக் குறிப்பேட்டை அடுத்தவரைப் பார்த்து எழுதாமல் நாமே பார்த்து எழுதுவதும் ஒரு வீரமே. அந்த வீரத்தை இறைவன் நம் அனைவருக்கும் அருள்வாராக!